பதினான்காம் வரிசையில் இருந்தவர்

சாக்கடல், தனிமை விடுதி, அறை 316
25 நவம்பர் 2020, புதன்

விமானத்தின் நடுப்பகுதியில் நின்ற ஹனாதி என்பவரின் கைக்கு,

உங்கள் முகம் எனக்குத் தெரியாது. முகக்கவசம், அதன்மேல் கண்ணாடித் தடுப்பு, அதன்மேல் அறுவை அறையில் போடுகிற மாதிரி ஓர் அங்கி. பெயர் மட்டும் சட்டையில் குத்திய அட்டையில் இருந்தது. அதைப் படித்து வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. இதை உங்கள் நிறுவனத்தின் புகார் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். உங்களிடம் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

நான் மிஸ்பாஹ் ரவாஷ்தே. கரக் ஊர்க்காரன். தாயிஃபில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு வாத்தியார். சென்ற சனிக்கிழமை ஜித்தாவிலிருந்து அம்மானுக்கு உங்கள் விமானத்தில் வந்தேன். நடு இருக்கைகளைக் காலியாக விடுவோம் என்று விளம்பரம் செய்திருந்தீர்கள். உள்ளே வந்து பார்த்தால் ஈ நுழைய இடமில்லை. அதை விடுங்கள். டிக்கெட்டில் எனக்குப் பதினான்காம் வரிசை. ஜன்னலோரம் ஓர் இளம்பெண். நான் பெல்ட் போட்டுக்கொண்ட பிறகு நீங்கள் வந்து என்னை எழுப்பினீர்கள். இருபத்திரண்டாம் வரிசைக்குப் போகச் சொன்னீர்கள். போனேன். அங்கிருந்த அம்மா என் இடத்துக்கு வந்தார்.

நேற்று காலை சுகாதார அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. அந்த ஜன்னலோரப் பெண்ணுக்கு நோயாம். பதினான்கில் பக்கத்தில் இருந்தவன் நானாம். வீட்டில் பதினொரு பேர், ஒரே குளியலறை, அதனால் வீட்டுத் தனிமை செல்லாதாம். தெருவே வேடிக்கை பார்க்க வண்டியில் ஏற்றினார்கள்.

"நான் அங்க உக்காரவே இல்லப்பா" என்றேன். விமானத்தில் நிரப்பிய படிவத்தை நீட்டினார் அந்தத் தம்பி. "வரிசை பதினாலுன்னு எழுதியிருக்கு. கையெழுத்து உங்களுதுதானே?" "என்னுதுதான்." "அப்புறம் என்ன உஸ்தாத்?" மாணவர்களிடம் விடைத்தாளைச் சரிபார்க்காமல் கொடுக்காதே என்று ஆயுள் முழுக்கக் கத்தியவன் நான்.

அந்தப் படிவத்தில் பதினான்கு என்று எழுதச் சொன்னதும் நீங்கள்தான். "எல்லாரும் போர்டிங் பாஸ்ல இருக்குற நம்பரையே எழுதுங்க" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தீர்கள். எழுதினேன்.

என்னை டிசம்பர் 5 வரை வைத்திருப்பார்களாம். டிசம்பர் 3 வியாழன் நான் என் வீட்டில் இருந்தாக வேண்டும். அதனால் நீங்கள் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்: 'இவரை நான் இடம் மாற்றினேன்.' வேறெதுவும் வேண்டாம்.

இன்னொன்று. என்னை ஹஜ்ஜி என்று கூப்பிட்டீர்கள். மக்காவுக்கு ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இத்தனை வருடம் இருந்தும் நான் இன்னும் ஹஜ் செய்யவில்லை. வீட்டில் ஏற்கெனவே அதற்குப் பேச்சு வாங்குகிறேன்.

மிஸ்பாஹ் ரவாஷ்தே


அம்மான்
26 நவம்பர் 2020

மதிப்பிற்குரிய மிஸ்பாஹ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இது என் சொந்த முகவரி. இனி அலுவலக முகவரிக்கு எழுத வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தொற்றுக் காலத்தில் பயணிகளை இடம் மாற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. மாற்ற நேர்ந்தால் அதற்கென்று ஒரு தாளில் எழுதி விமானத் தலைமைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பயணத்தில் அப்படி எந்தத் தாளும் கொடுக்கப்படவில்லை. பதிவின்படி நீங்கள் பதினான்காம் வரிசையில் பயணம் செய்திருக்கிறீர்கள். அன்று நூற்று அறுபத்தெட்டுப் பயணிகள். ஒவ்வொருவரையும் நினைவில் வைத்திருப்பது கடினம்.

நீங்கள் நலமுடன் வீடு திரும்ப வேண்டுகிறேன். பயணத்தின்போது கழிப்பறைக்குப் பக்கத்து இடம் உங்களுக்குச் சிரமமாக இருந்திருந்தால் வருந்துகிறேன்.

ஹனாதி


அறை 316
27 நவம்பர், வெள்ளி

ஹனாதி அவர்களே,

பதினான்காம் வரிசைக்குப் பக்கத்தில் கழிப்பறை ஏது?

நாட்டுக்கே இன்று முழு ஊரடங்கு. எனக்கு எல்லா நாளும் ஊரடங்கு. அதனால் உங்கள் கடிதத்தை ஏழெட்டு முறை படிக்க நேரம் கிடைத்தது. பையன்கள் விடையை மேலே எழுதிவிட்டுக் கீழே செய்முறையில் மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் கடைசி வரியில் மாட்டிக்கொண்டீர்கள். உங்களுக்கு என்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, சொல்லட்டுமா?

"ஹஜ்ஜி, ஒரு சின்ன உதவி. பின்னாடி ஒரு பெரியம்மா ரெண்டு ஆம்பிளைங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு உக்காரவும் முடியாம நிக்கவும் முடியாம தவிக்கிறாங்க. நீங்க அங்க போனீங்கன்னா அவங்க இந்தப் பொண்ணு பக்கத்துல நிம்மதியா உக்காந்துக்குவாங்க."

"இப்பத்தானே மகளே மைக்குல சொன்னாங்க, யாரும் இடம் மாறக் கூடாதுன்னு?"

"அது சொல்றதுதான் ஹஜ்ஜி. அவங்க உங்க அக்கா மாதிரி இல்லையா?"

அக்கா என்றதும் நான் எழுந்துவிட்டேன். எந்தக் கரக் ஊர்க்காரன் எழுந்திருக்க மாட்டான்? வயதான ஒரு பெண் நின்றுகொண்டிருக்க, 'என் இடம் இது' என்று காகிதத்தைக் காட்ட என்னால் ஆகாது. அது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் நேராக என்னிடம் வந்தீர்கள்.

இப்போது டிசம்பர் 3 என்ன என்று சொல்கிறேன். என் மகள் ஷுரூக்கைப் பெண் கேட்டு ஜாஹா வருகிறது. உங்கள் அம்மானில் எப்படியோ, எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்து உட்கார்வார்கள், காபி ஊற்றுவோம், அவர்கள் குடிக்காமல் கீழே வைப்பார்கள். வந்த காரியத்தைச் சொல்வார்கள். பெண்ணின் தகப்பன் 'குடிங்க' என்றால் பெண் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். தகப்பன் இல்லையென்றால் அவன் அண்ணன் சொல்ல வேண்டும். என் அண்ணன் ஹாயிலுக்கு முஹன்னத் என்று ஒரு மகன் இருக்கிறான். எங்கள் வழக்கத்தில் முதல் உரிமை பெரியப்பா மகனுக்கு, அவனை விட்டு வெளியே பெண் கொடுப்பதா என்று ஒரு வருடமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த மனிதர் என் இடத்தில் உட்காரப் போகிறார்.

ஏப்ரலில் வைத்தோம், எல்லையை மூடினார்கள். ஆகஸ்டில் வைத்தோம், விமானம் இல்லை. மூன்றாவது முறையும் தள்ளி வைத்தால் பெண் தர மனமில்லை என்றுதான் அந்த வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை லைத்துக்கு 5ஆம் தேதி தோஹாவில் இறங்க அனுமதி. அது போனால் வேலையும் போயிற்று. "பாபா, நீங்க வந்துருவீங்கல்ல?" என்று நேற்று மகள் கேட்டாள். வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

போன் இருக்கிறதே என்பீர்கள். போனில் பெண் கொடுத்தவன் எங்கள் வம்சத்தில் இல்லை. என் அண்ணன் என் சத்தம் வருகிற போனை முற்றத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்.

எழுதித் தர மாட்டேன் என்றால் உங்கள் நிறுவனத்துக்கே மறுபடி எழுதுவேன். என் இடத்தில் உட்கார்ந்த அந்த அம்மா எங்கே இருக்கிறார், அவருக்கு யார் சொன்னார்கள் என்றும் சேர்த்துக் கேட்பேன். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்கலாம்.

மிஸ்பாஹ்


அம்மான்
28 நவம்பர்

அபூ நாயிஃப் அவர்களுக்கு,

உங்கள் மூத்த மகன் பெயர் நாயிஃப் என்று படிவத்தில் பார்த்தேன், அவசரத் தொடர்புக்கு அவர் எண்ணைக் கொடுத்திருந்தீர்கள். ஹஜ்ஜி வேண்டாமென்றால் நாயிஃபின் தகப்பன் என்று இப்படிக் கூப்பிடுகிறேன். நான் ஸல்ட் ஊர்ப் பெண். எனக்கு ஜாஹா பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். என் அக்காவுக்கு ஊற்றிய காபி எவ்வளவு நேரம் ஆறியது என்று எனக்குத்தான் தெரியும், ஊற்றிக் கொடுத்தனுப்பியதே நான்தான்.

ஆமாம், நான்தான் மாற்றினேன். போதுமா?

ஜித்தா விமானம் என்றால் எங்களுக்கு எப்போதும் முதல் அரைமணி நேரம் இதே வேலைதான். இந்தம்மாவை அங்கே, அந்தத் தம்பியை இங்கே, கணவனை மனைவி பக்கத்தில், துணையில்லாமல் வந்த பெண்ணைப் பெண்கள் பக்கத்தில். ஒன்பது வருடமாகச் செய்கிறேன். செய்யாவிட்டால் கதவு மூட முடியாது, ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து நிற்பார்கள். இதற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கூடக் கொடுத்திருக்கிறார்கள். நோய் வந்த பிறகு இடம் மாற்றாதே என்றார்கள். காது கேட்டது, கை பழைய வேலையைச் செய்துவிட்டது. தாளில் எழுதியிருந்தால் தலைமைப் பணியாளர் திட்டுவார் என்று எழுதவில்லை. எல்லாரும் டிக்கெட்டில் உள்ளதை எழுதினால் படிவமும் பட்டியலும் ஒத்துப்போகும், கேள்வி வராது என்று நினைத்தேன்.

இப்போது என் பக்கத்தையும் கேளுங்கள். மார்ச்சிலிருந்து எங்களில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மீதிப் பேரை அனுப்பக் காரணம் தேடுகிறார்கள். என் அப்பா பெட்ராவுக்குச் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர். ஒன்பது மாதமாக அந்தப் பேருந்து வீட்டு வாசலில் நிற்கிறது, கோழிகள் அதன் அடியில் முட்டையிடுகின்றன. வீட்டில் சம்பளம் என்னுடையது ஒன்றுதான். நீங்கள் கேட்கிற அந்த ஒரு வரியை எழுதினால் அதோடு என் வேலை முடிந்தது. உங்கள் மகளுக்குக் காபி, எனக்கு வேலை. எதை எடுப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த அம்மாவைச் சொல்லி மிரட்டினீர்கள். மிரட்ட வேண்டியதில்லை. உங்கள் முதல் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான். பெயர் ரஸ்மிய்யா. தண்ணீர்ப் பாட்டில் கொடுக்கும்போது பேசினார். "தங்கச்சிக்கு ரெண்டு கிட்னியும் போச்சும்மா. வாரத்துக்கு மூணு தடவை மெஷின்ல போடுறாங்க. பாத்துக்க ஆள் இல்ல, அதான் ஸர்காவுக்குப் போறேன். அவளுக்கு மடியில படுக்க வச்சு ஊட்டணும்."

அவர் படிவத்தில் இருந்தது சவூதி எண். இரண்டு நாளாகக் கூப்பிடுகிறேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஸர்காவில் முகவரி எழுதிய இடத்தில் 'தங்கை வீடு' என்று இருக்கிறது.

ஹனாதி


அறை 316
29 நவம்பர், ஞாயிறு

மகளே,

கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை மறுபடி படித்ததும் கோபம் போய் வெட்கம்தான் வந்தது.

என் முதல் கடிதத்தின் நகல் இங்கே இருக்கிறது. அதில் அந்த அம்மாவைப் பற்றி 'என் இடத்துக்கு வந்தார்' என்று ஒரே ஒரு வரி. நோயுள்ள பெண்ணின் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர் வெளியே இருக்கிறார் என்று கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை. இரண்டாவது கடிதத்தில் தோன்றியது, அதையும் உங்கள் தலையில் அடிக்கக் கம்பாக எடுத்தேன். 24ஆம் தேதியிலிருந்து எனக்குத் தெரியும். 26ஆம் தேதியிலிருந்து உங்களுக்குத் தெரியும். தங்கையை மடியில் படுக்க வைத்து ஊட்டுகிற அந்த அம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

உங்கள் கடிதம் வந்ததும் இந்த மாடியில் இருக்கிற மருத்துவரிடம் சொன்னேன். நல்ல பிள்ளை. கதவுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி நின்று கேட்டுக்கொண்டார். "உஸ்தாத், இங்கேர்ந்து வெளியே போறதுக்கு ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்றாங்க. ரெண்டாவது மாடியில ஒருத்தர் தான் ஃபிளைட்டுலயே வரலைங்கிறார். விமானத்துக்காரங்க பேப்பர் குடுத்தா நாங்க தேடுறோம். போலீஸை விட்டுத் தேடினா சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிருவோம்." என் பேச்சு இங்கே செல்லாது. உங்கள் கையெழுத்துதான் செல்லும்.

எனக்காக எழுதாதீர்கள். என் பெயரே இல்லாமல் எழுத முடியுமென்றால் அப்படியே எழுதுங்கள். பதினான்கில் இருந்தது ரஸ்மிய்யா என்று மட்டும் இருக்கட்டும். உங்கள் வேலை போனால் அதற்கு ஈடாக நான் கொடுக்க ஒன்றும் இல்லை, அதை மறைக்கவும் மாட்டேன். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பேருந்தில் ஏறிய ஒருவரை வழியில் இறக்கிவிட மறந்திருந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள்.

அலுவலகத்துக்கு எழுதுவேன் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுத மாட்டேன்.

மிஸ்பாஹ்


ஸல்ட்
1 டிசம்பர்

அபூ நாயிஃப்,

அப்பாவிடம் கேட்டேன். எழுந்து போய் என் சீருடையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். "போறதுதான் போற, கசங்காம போ" என்றார்.

நேற்று காலை எட்டு மணிக்குத் தலைமைப் பணியாளர் ரீமாஸின் மேசையில் அறிக்கையை வைத்தேன். யாரை எங்கிருந்து எங்கே மாற்றினேன், ஏன் தாளில் எழுதவில்லை, ஒலிபெருக்கியில் என்ன சொன்னேன், எல்லாம். உங்கள் பெயர் இல்லாமல் எழுத முடியவில்லை, ஆள் ஒரு இடத்தில் இல்லை என்றால் இன்னொரு இடத்தில் இருந்தாக வேண்டுமே.

அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "நீ லூசா ஹனாதி? நாங்க எல்லாரும் மாத்துறோம். எவளாவது எழுதிக் குடுத்தாளா?"

"இல்ல மேடம்."

"இதைக் கிழிச்சுப் போடு. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஒண்ணும் ஆகலைன்னா சந்தோஷம். ஆனா ஒரு நகலை வர்ற வழியிலேயே சுகாதார ஆபீஸ்ல குடுத்துட்டேன் மேடம்."

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பத்து மணிக்கு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை வேலை இல்லை, சம்பளமும் இல்லை. வீட்டுக்கு வந்து அரைநாள் அழுதேன். பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது.

உங்கள் மருத்துவர் சொன்னது சரி. மாலை நான்கு மணிக்கு ரஸ்மிய்யாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவருக்கு நோய் இருக்கிறது, லேசான இருமல்தானாம். தங்கைக்கும் வந்துவிட்டது. தங்கையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சுகாதார அலுவலகத்தில் ஒரு பெண் இதைச் சொன்னார், சொல்லிவிட்டு "நீங்கதானே எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உங்கள் விடுதலைக் கடிதம் நாளை வந்துவிடும். வியாழனுக்கு ஒரு நாள் மிச்சம் வைத்து வீட்டுக்குப் போய்விடுவீர்கள். சவரம் செய்துகொண்டு போங்கள்.

ஹனாதி


அறை 316
2 டிசம்பர், புதன்

மகளே,

கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. முத்திரையோடு. 'தவறுதலாகத் தனிமைப்படுத்தப்பட்டவர், உடனே விடுவிக்கலாம்.' நாயிஃப் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பெட்டியைக் கட்டினேன், சவரமும் செய்தேன்.

இந்த விடுதியில் உருப்படியான ஒரே விஷயம் காலைக் காபி. ஏலக்காய் போட்டுக் கொதிக்க வைத்து ஒரு குடுவையில் கதவுக்கு வெளியே வைப்பார்கள். கிளம்பும் முன் ஒரு வாய் குடிக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். வாசனை வரவில்லை. ஆறிப்போனதோ என்று நினைத்தேன், கை சுட்டது. சவரத்துக்குப் பின் போடுகிற வாசனைத் தண்ணீரை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர்தான்.

வெளியே போக யாரும் என்னைச் சோதிக்கப் போவதில்லை. காகிதம் என் கையில். காய்ச்சல் இல்லை. அரைமணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நாளை அந்த அறையில் இருபது பேர் இருப்பார்கள், அதில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் அவமானம் என்பார்கள். இவ்வளவையும் நினைத்த பிறகும் போகலாம் என்றுதான் மனசு சொன்னது. உண்மையைச் சொல்கிறேன். உங்களைக் கேள்வி கேட்ட அதே ஆள், மூக்கு மூடியிருக்கும், குளிராக இருக்கும் என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மாதிரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நாயிஃபைப் பாதி வழியில் திருப்பி அனுப்பினேன். மகளிடம் நான் பேசவில்லை, அவள் அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். தைரியம் வரவில்லை.

மிஸ்பாஹ்


ஸல்ட்
3 டிசம்பர், மாலை ஐந்து மணி

அபூ நாயிஃப்,

ஜாஹா வந்திருக்கும் நேரம் இது. என்ன ஆயிற்று? உடம்பு எப்படி? இரண்டில் ஒன்றுக்காவது உடனே பதில் போடுங்கள்.

ஹனாதி


அறை 316
6 டிசம்பர், ஞாயிறு

மகளே,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நோய்தான், உறுதி செய்துவிட்டார்கள். விமானத்தில் வாங்கினேனா, வண்டியில் வாங்கினேனா, தெரியாது. மூன்று நாள் காய்ச்சல். இன்றுதான் உட்கார முடிகிறது.

வியாழன் காலை அண்ணனைக் கூப்பிட்டேன். ஒரு வருடத்தில் முதல் தடவை.

"நான் வரல. எனக்கு வாசனை தெரியல. நீங்கதான் பேசணும்" என்றேன்.

"என்ன பேசணுமாம்?"

"உங்க மனசுக்குப் பட்டதைப் பேசுங்க. என் இடத்துல நீங்கதான் இருக்கீங்க."

வைத்துவிட்டார். மாலைவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நடந்ததை என் மனைவி சொன்னாள், அவளும் ஷுரூக்கும் அடுத்த அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். வழக்கமாக ஒரே கிண்ணம் எல்லாரையும் சுற்றிவரும். இந்த முறை காகிதக் கோப்பை, ஆளுக்கு ஒன்று. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் பேசவில்லை. அவர் மகன் முஹன்னத் வாசல் பக்கம் நின்றான். காபி ஆறிக்கொண்டே இருந்தது. ஒருத்தர் இருமினார், இன்னொருத்தர் அவரை முறைத்தார். ஷுரூக் அம்மாவின் கையைப் பிடித்ததில் நகம் பதிந்துவிட்டதாம்.

கடைசியில் அண்ணன் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார். "என் தம்பி கையில விடுதலைப் பேப்பர் இருந்துச்சு. வந்திருக்கலாம். உங்களையெல்லாம் கட்டிப்பிடிச்சு நோயைக் குடுத்திருக்கலாம், ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. மூக்குல வாசனை வரலைன்னு மகளோட காரியத்தை விட்டுட்டு அங்கேயே உக்காந்திருக்கான், அந்த மடையன். இந்தப் பொண்ணை நான் என் மகனுக்குக் கேட்டவன், அது உங்க எல்லாருக்கும் தெரியும். தனக்கு எதிரான விஷயத்தை அவனே என்கிட்ட போன் பண்ணிச் சொல்லிட்டு, முடிவையும் என் கையில குடுத்துட்டான். இதுக்கு மேல நான் என்னத்தை இழுத்துப் பிடிக்க? குடிங்க. ஆறிப்போச்சு, வேற ஊத்தச் சொல்றேன்."

முஹன்னத்தான் போய்ப் புதிதாக ஊற்றிக்கொண்டு வந்தானாம்.

லைத் நேற்று தோஹா போய்ச் சேர்ந்துவிட்டான். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, பிறகு இருமல் வந்தது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் விசாரணை எந்தத் தேதியில்? நேரில் வந்து சாட்சி சொல்வேன். எழுந்தவன் நான், நான் சொல்வதை அவர்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ரஸ்மிய்யாவின் தங்கை எப்படி இருக்கிறார்?

மிஸ்பாஹ்


ஸல்ட்
11 டிசம்பர்

அபூ நாயிஃப்,

ஷுரூக்குக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். விசாரணை ஜனவரியில். அதைப் பற்றிப் பிறகு.

ரஸ்மிய்யாவின் தங்கை புதன்கிழமை இறந்துவிட்டார்.

சுகாதார அலுவலகப் பெண் சொன்னார். நான்கு நாள் முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "அந்த உடம்புக்கு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். எனக்காகச் சொன்னதா, உண்மையா, தெரியவில்லை. நான்கு நாள் என்பது எனக்கு எண்ண வருகிறது. 26, 27, 28, 29. இரண்டாம் நாள் வெள்ளி, ஊரடங்கு. அன்று முழுக்க நான் வீட்டில் உங்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ரஸ்மிய்யாவின் புது எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். விமானத்தில் இருந்த பெண் என்றதுமே அடையாளம் தெரிந்துகொண்டார். அவருக்கு உடம்பு தேறிவிட்டது. துக்கம் சொன்னேன். அழுதார். பிறகு சொன்னார்: "உன்னை நான் மறக்கல மகளே. அன்னைக்கு எனக்காகப் பேசி இடம் வாங்கிக் குடுத்தியே. அந்தப் பெரிய மனுஷனும் மறுபேச்சு பேசாம எந்திரிச்சாரே. உங்க ரெண்டு பேருக்காகவும் வேண்டிக்காத தொழுகை கிடையாது."

அவருக்குத் தெரியாது. இங்கே வந்த இடத்தில் கடைத்தெருவில் எங்கோ பிடித்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு நோய் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, வந்தவர்கள் மாதிரி எடுத்துக்கொண்டு போனதோடு சரி.

அலுவலகத்தில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தவள் நான். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை வரவில்லை. "நல்லா இருங்க ஹஜ்ஜா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அபூ நாயிஃப்?

ஹனாதி


அறை 316
13 டிசம்பர்

மகளே,

போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. நீங்கள் வைத்தது சரி, சொல்லாமல் விட்டால்தான் தப்பு.

நாளை மறுநாள் என்னை வெளியே விடுகிறார்கள். 20ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸர்கா பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, என் முகமும் உங்களுக்கு அரைகுறைதான். சாம்பல் நிறக் கோட்டு போட்டிருப்பேன். சுகாதார அலுவலகத்தில் தெருப் பெயரை மட்டும் வாங்கி வாருங்கள், மீதியைத் தெருவில் கேட்டு வீட்டைக் கண்டுபிடிக்கலாம். உள்ளே போக வேண்டாம், வாசலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்றே பேசுவோம். அந்த அம்மா திட்டினால் நின்று வாங்கிக்கொள்வோம். கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும்.

நீங்கள் முதலில் வாயைத் திறக்க வேண்டாம். நான் ஆரம்பிக்கிறேன். அது என்னுடைய இடம்.

மிஸ்பாஹ்